க'காரி மணல் தீவுல குழந்தைகளோட கேம்ப்பிங்: டைட், டென்ட், டிங்கோ எல்லாத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

க'காரி, அதாவது 2023 ஜூன் வரைக்கும் மேப்ல ஃப்ரேசர் ஐலண்ட்னு போட்டிருந்த அதே தீவு, ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து கரையோரமா சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலாவே கிடக்குது. உலகத்துலயே பெரிய மணல் தீவு இதுதான். மணல்னு சொன்னதும் பொட்டல்காடுன்னு நினைச்சுக்காதீங்க, அந்த மணல் மேலயே அண்ணாந்து பார்த்தா வானம் தெரியாத அளவுக்கு மழைக்காடு நிக்குது, மணல்மேட்டு உச்சியில மழைத்தண்ணி தேங்கி ஏரி ஏரியா கிடக்குது, கடல்ல திமிங்கலம், காட்டுல டிங்கோங்கற ஆஸ்திரேலிய காட்டுநாய். 1992ல உலக பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க. பூட்சுல்லாங்கற பழங்குடி மக்களோட பூர்வீக மண், 2014ல அவங்க நேட்டிவ் டைட்டில் உரிமையும், அதாவது பூர்வீக நிலத்து மேல அவங்களுக்கு இருக்குற பாரம்பரிய உரிமையும், கோர்ட்ல அங்கீகாரம் ஆச்சு.

பிரிஸ்பேன் பக்கம் இருக்குற நம்ம குடும்பங்க நிறைய பேர் டே டூர்ல பஸ்ல போயிட்டு திரும்பிடுறாங்க, டென்ட் போட்டு தங்கணும்னா டிங்கோவை நினைச்சு பயம். பயப்படுறது தப்பில்ல, ஆனா அந்த பயத்தை சரியான இடத்துல வைக்கணும். இந்தத் தீவுல சாப்பாட்டை எங்க வைக்கிறீங்க, குழந்தை எவ்ளோ பக்கத்துல இருக்கு, டைட் (கடல் தண்ணி ஏறி இறங்குறது) எப்போ, இந்த மூணையும் பிடிச்சுக்கிட்டா மத்தது எல்லாம் சமாளிச்சிடலாம். அதுலயும் சாப்பாடுதான் முதல்ல, அதனால அதைப் பத்தி கீழ ரொம்ப நேரம் பேசப் போறேன், பொறுத்துக்கோங்க.

எப்போ போறது

டிசம்பர், ஜனவரி வேண்டாம். வெயில், புயல் சீசன், கூட்டம், அதோட மார்ச் ஃப்ளைன்னு ஒரு பெரிய ஈ, துணிக்கு மேலயே கடிக்கும், சின்னப் பசங்க அழுதே தீர்த்துடுவாங்க. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் நல்லா இருக்கும். ஜூன், ஜூலைல ராத்திரி குளிர் ஏறும், ஸ்லீப்பிங் பேக் கனமா இருக்கணும். எனக்கு பிடிச்சது செப்டம்பர் ஸ்கூல் லீவு, ஏன்னா ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஹம்ப்பேக் திமிங்கலங்க குட்டியோட ஹெர்வி பே பக்கம் வந்து தங்கிட்டு போகும், தீவுக்கு போற வழியிலயே பசங்களுக்கு ஒரு போட் ட்ரிப் காட்டிடலாம். ஆனா செப்டம்பர்னா எல்லாருக்கும் லீவு, ஈஸ்டரும் அப்படித்தான், பல மாசம் முன்னாடியே சைட் புக் பண்ணிடுங்க.

எங்க டென்ட் போடுறது

இதுல யோசிக்கவே வேண்டாம். பதினாலு வயசும் அதுக்கு கீழயும் பிள்ளைங்க இருந்தா வேலி போட்ட கேம்ப்கிரவுண்ட்ல தங்குங்கன்னு பார்க்ஸ் டிபார்ட்மென்ட்டே அழுத்திச் சொல்றாங்க. பீச் ஓரமா மணல்மேட்டுக்கு பின்னாடி டென்ட் போட்டு கடல் சத்தத்துல தூங்குற படம் எல்லாம் இன்ஸ்டாவுல அழகா இருக்கும், பசங்க வளர்ந்தப்புறம் போய்க்கலாம்.

வேலி இருக்குற இடங்கள்ல குடும்பத்துக்கு சரியா வர்றது மூணு. சென்ட்ரல் ஸ்டேஷன், தீவோட நடுக்காட்டுல இருக்கு, பழைய மரம்வெட்டிகளோட கேம்ப் இருந்த இடம், ஏரிக்கெல்லாம் கிட்ட. டண்டுபாரா, கிழக்கு பீச்ச ஒட்டி, பாதி தூரத்துக்கு மேல வடக்கே. வாடி பாயிண்ட், இன்னும் வடக்கே, இங்க மேல இருக்குற கிரவுண்டுக்குதான் வேலி, கீழ பீச்சோரம் இருக்குறதுக்கு கிடையாது, புக் பண்ணும்போது இதைப் பார்த்து பண்ணுங்க. மூணுலயும் டாய்லெட் உண்டு, காயின் போட்டா வெந்நீர் ஷவர் உண்டு, அதனால சில்லறை காயின் ஒரு டப்பால எடுத்து வச்சுக்கோங்க. முதல் தடவை போறவங்க சென்ட்ரல் ஸ்டேஷன்லயே தங்குங்க, வயசான அம்மா அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தா கண்டிப்பா இங்கதான், காத்து அடிக்காது, மணல் பறக்காது, டென்ட்டுக்கு வெளிய சேர் போட்டு உக்காந்தாலே அவங்களுக்கு பொழுது போயிடும்.

பெர்மிட், பார்ஜ்

ரெண்டு பெர்மிட் வேணும், ஒண்ணு வண்டிக்கு, இன்னொண்ணு கேம்ப்பிங்குக்கு, ரெண்டும் குயின்ஸ்லாந்து பார்க்ஸ் சைட்ல கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடணும். அங்க போய் பார்த்துக்கலாம்னு விட்டா நெட்வொர்க் கிடைக்காம நிப்பீங்க. நாயை கூட்டிட்டு போகவே கூடாது, அனுமதி கிடையாது.

தீவுக்கு போக ரெண்டு வழி. பிரிஸ்பேன்ல இருந்து மூணு மூணரை மணி நேரம் ஓட்டுனா ரெயின்போ பீச், அதை தாண்டி இன்ஸ்கிப் பாயிண்ட், அங்க இருந்து பார்ஜ்ல, அதாவது வண்டியை ஏத்திட்டு போற தட்டைப் படகுல, கொஞ்ச நேரத்துல தீவோட தெற்கு முனை ஹூக் பாயிண்ட்ல இறங்கிடலாம். இன்னொரு வழி ஹெர்வி பே பக்கம் ரிவர் ஹெட்ஸ்ல இருந்து, அது மேற்குக் கரையில கொண்டு போய் விடும், கடல்ல போற நேரமும் ஜாஸ்தி, புக்கிங்கும் வேணும், ஆனா பீச் டிரைவிங் இல்லாம நேரா உள்காட்டு ரோட்டுல ஏறிடலாம். மணல்ல ஓட்டிப் பழக்கமில்லாதவங்க பயப்படுறதே இன்ஸ்கிப்ல பார்ஜ் ஏறுற இடத்துக்குத்தான், அந்த மணல் மாவு மாதிரி இருக்கும், டயர் காத்தை இறக்காம வர்ற வண்டி எல்லாம் வரிசையா புதைஞ்சு நிக்கும்.

வண்டி

ஃபோர் வீல் டிரைவ், தரையில இருந்து நல்ல உயரம், லோ ரேஞ்ச் கியர், மூணும் இருக்கணும். ஆல் வீல் டிரைவ் ஃபேமிலி எஸ்யூவி வச்சிருக்கேன் போயிடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, வேண்டாம்னுதான் சொல்வேன், உள்காட்டு ரோட்டுல வேரும் பள்ளமுமா இருக்கும், அடி தட்டும். வாடகை வண்டின்னா மணல்ல ஓட்ட ஒப்பந்தத்துல அனுமதி இருக்கான்னு படிச்சுப் பாருங்க, பல கம்பெனி அனுமதிக்க மாட்டாங்க.

மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி டயர் பிரஷரை 18ல இருந்து 20 பிஎஸ்ஐ கிட்ட கொண்டு வாங்க. காத்து குறைஞ்சா டயர் தட்டையாகி அகலமா மணல் மேல உக்காரும், அதனாலதான் புதையாம போகுது. கம்மி பிரஷர்ல திருப்பத்தை வேகமா ஒடிக்கக் கூடாது, டயர் ரிம்ல இருந்து கழண்டுக்கும். காத்து இறக்குற டிஃப்ளேட்டர், காத்து அடிக்குற கம்ப்ரஸர், நீளக் கைப்பிடி ஷவல், புதைஞ்ச டயருக்கு அடியில வைக்குற ரெக்கவரி போர்டு ரெண்டு, வண்டியை இழுக்குற ஸ்னாட்ச் ஸ்ட்ராப் எல்லாம் பூட்ல அடியில போட்டு மேல டென்ட்டை அடுக்கிடாதீங்க, புதைஞ்சு நிக்கும்போது எல்லாத்தையும் வெளிய எடுத்து போட வேண்டி வரும். இன்னொண்ணு, ரொம்ப முக்கியம்: ஸ்ட்ராப்பை டோ பால்ல (ட்ரெய்லர் மாட்டுற இரும்பு உருண்டையில) மாட்டி இழுக்கவே இழுக்காதீங்க. அந்த உருண்டை பிச்சிக்கிட்டு குண்டு மாதிரி பறந்து ஆஸ்திரேலியாவுல ஆள் செத்திருக்காங்க. இழுக்குற பாரத்தை தாங்குற மாதிரி செஞ்ச ரேட்டட் ரெக்கவரி பாயிண்ட்ல மட்டும் மாட்டணும், இழுக்கும்போது பசங்களை தூரமா ஒரு பக்கமா நிக்க வைங்க.

பீச்ல ஓட்டுறது

கிழக்கு பீச்தான் இந்த தீவோட ஹைவே, 75 மைல் பீச்னு பேரு, ரோடு ரூல் எல்லாம் உண்டு, போலீஸ் நின்னு ப்ரெத் டெஸ்ட் எடுப்பாங்க, சீட் பெல்ட் கட்டாயம். அதிகபட்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், உள்காட்டு ரோட்டுல 30. பீச்லயே சின்ன விமானம் வேற இறங்கும், அதுக்கு வழி விடணும்.

டைட் டேபிளை பிரிண்ட் எடுத்து டேஷ்போர்டுல ஒட்டிக்கோங்க. ஹை டைடுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியும் ரெண்டு மணி நேரம் பின்னாடியும் பீச்ல ஓட்டாதீங்க. லோ டைட் சமயத்துல ஈர மணல் தார் ரோடு மாதிரி கெட்டியா இருக்கும், அதுல போறதே ஒரு சுகம். டைட் நேரம் தினமும் ஒரு 50 நிமிஷம் போல தள்ளிக்கிட்டே போகும், அதனால முதல் நாள் காலைல பத்து மணிக்கு போன வழியில நாலாம் நாள் பத்து மணிக்கு போக முடியாது. மொத்த ட்ரிப்புக்கும் எந்தெந்த நாள் எந்த நேரம் பீச் கிடைக்கும்னு வீட்லயே எழுதி வச்சுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ஊர் சுத்துறதை பிளான் பண்ணுங்க.

காட்டுல இருந்து கடலுக்கு சின்னச் சின்ன ஓடை நிறைய குறுக்கே ஓடும், ஓரத்துல ஒரு அடி ரெண்டு அடி திடீர்னு மணல் அறுத்து விட்டிருக்கும், தூரத்துல இருந்து கண்ணுக்கே தெரியாது, 80ல வந்து விழுந்தா வண்டி அச்சே போயிடும். ஓடை தெரிஞ்சாலே வேகத்தை குறைங்க. கடல் தண்ணியில சறுக்கி விளையாடுற மாதிரி ஓட்டாதீங்க, உப்பு வண்டியை தின்னுடும்.

சாப்பாடு, டிங்கோ

பூட்சுல்லா மக்கள் டிங்கோவை வொங்காரின்னு சொல்றாங்க. கூட்டம் கூட்டமா, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி எல்லையோட வாழுது, நாய் இல்லாத தீவுங்கறதால கலப்பு ரொம்பக் கம்மி. பார்க்க நம்ம ஊர் தெரு நாய் மாதிரியே செம்மண் கலர்ல, ஒல்லியா, விலா எலும்பு லேசா தெரியற மாதிரி இருக்கும். இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு மனசு இளகிடுது. வாசல்ல வந்து நிக்குற ஜீவனுக்கு ஒரு பிடி சோறு போட்டே பழகினவங்க நாம, காக்காவுக்கு வச்சுட்டு சாப்பிட்ட பாட்டி வளர்த்த பிள்ளைங்க நாம, "ஐயோ பாவம் பட்டினியா இருக்கு"ன்னு ஒரு பிஸ்கட்டை போடத் தோணும். போடாதீங்க. ஒல்லியா இருக்குறதுதான் அதோட உடம்பு வாகு, அதுக்கு வேண்டியதை மீனு, பாண்டிகூட்ங்கற சின்ன காட்டுப் பிராணி, கரை ஒதுங்குறதுன்னு அதுவே தேடிக்கும்.

ஒரு தடவை மனுஷன் கையில இருந்து சாப்பாடு வாங்கின டிங்கோ அடுத்த குடும்பத்துக்கிட்ட கேட்டு நிக்கும், குடுக்கலைன்னா பிடுங்கப் பார்க்கும், அப்புறம் குழந்தையை கடிக்கும், கடைசியில அந்த டிங்கோவை ஊசி போட்டு கொன்னுடுவாங்க. 2001ல வாடி பாயிண்ட் பக்கத்துல ஒன்பது வயசு பையன் ஒருத்தன் டிங்கோ தாக்கி இறந்துட்டான், அதுக்கப்புறம் முப்பது டிங்கோ கிட்ட சுட்டுட்டாங்க. 2023 ஜூலைல பீச்ல தனியா ஜாக்கிங் போன ஒரு பொண்ணை கூட்டமா வந்து கடிச்சுதுங்க. இதுக்கெல்லாம் பின்னாடி மனுஷன்கிட்ட பயம் விட்டுப்போனதுதான் இருக்கு, பயம் விட்டுப்போக காரணம் சாப்பாடு. சாப்பாடு போட்டா ஃபைன் 2,000 டாலருக்கு மேல, கோர்ட்டுக்கு போனா பல மடங்கு, ஆனா ஃபைனுக்காக இல்ல, அந்த ஜீவன் உசுரோட இருக்கணும்னா அதுக்கு நாம சோறு போடக்கூடாது. பசங்களுக்கு இதை வீட்லயே உக்கார வச்சு சொல்லுங்க, அவங்க நல்லா புரிஞ்சுக்குவாங்க, நம்மள விட ஒழுங்கா கடைப்பிடிப்பாங்க.

சமையல் விஷயத்துல நான் செய்யுறது இதுதான். கருவாடு, மீன் குழம்பு, பிரியாணி எதையும் தீவுக்கு கொண்டு போறதில்ல, வாசனை காட்டுக்குள்ள எங்கேயோ போகும். முதல் நாளுக்கு புளிசாதம், சப்பாத்தி, தக்காளி தொக்கு வீட்லயே செஞ்சு இறுக்கமா மூடுற டப்பால. அப்புறம் ரவா உப்புமா, சேமியா, பருப்பு சாதம், உருளைக்கிழங்கு, முட்டை, ஒரே பாத்திரத்துல முடியுற மாதிரி, மிச்சம் வராத அளவுக்கு. மிச்சம் வந்த சாம்பாரை ஓரமா மணல்ல ஊத்துற வேலையே கூடாது, அந்த மணலை தோண்டிக்கிட்டு ராத்திரி பூரா ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும். பாத்திரத்தை முதல்ல பேப்பர்ல துடைச்சு அந்த பேப்பரை குப்பைப் பையில போட்டுட்டு அப்புறம் கழுவுங்க.

எஸ்கி (ஐஸ் பெட்டி), டப்பா, குப்பைப் பை, நாய் பிஸ்கட் சைஸ்ல மூலையில கிடக்குற முறுக்குத் துண்டு வரைக்கும் எல்லாமே வண்டிக்குள்ள, வண்டி பூட்டி. டென்ட்டுக்குள்ள சாப்பாடு ஒரு துளி கூட இருக்கக் கூடாது, டூத் பேஸ்ட், சோப்பு, கைக்குழந்தையோட பால் பாட்டில் எல்லாமும் சாப்பாட்டு கணக்குதான். யூட் வண்டியில பின்னாடி திறந்த ட்ரேல எஸ்கியை வச்சுட்டு தூங்கப் போகாதீங்க, தாவி ஏறிடும். வேலிக்குள்ளதானே இருக்கோம்னு அசந்துடவும் கூடாது, கேட்டை யாராவது திறந்து போட்டுட்டு போயிருப்பாங்க, அதோட கோவன்னான்னு ஒரு பெரிய உடும்பு இருக்கு, அதுக்கு வேலி ஒரு பொருட்டே இல்ல.

மீன் பிடிக்கிறவங்க கழிவை கரையில போட்டுட்டு வராதீங்க, ஹை டைட் கோட்டுக்கு கீழ ஈர மணல்ல அரை மீட்டராவது தோண்டிப் புதைக்கணும். ஆகஸ்ட், செப்டம்பர்ல இந்தியன் ஹெட், வாடி பாயிண்ட் பக்கம் மீன் பிடிக்கவே தடை.

வேலியை தாண்டி வெளிய வந்தா குழந்தை உங்க கை நீட்டுற தூரத்துக்குள்ளயே இருக்கணும், பத்து வயசு பையனா இருந்தாலும் சரி. "நான் முன்னாடி ஓடுறேன்பா"ன்னு சொன்னா விடாதீங்க, ஓடுறதைப் பார்த்தா துரத்துறது அதோட சுபாவம். ராத்திரி டாய்லெட்டுக்கும் பெரியவங்க கூடவே போகணும், கையில டார்ச், ஒரு கம்பு. டிங்கோ கிட்ட வந்துடுச்சுன்னா நிமிர்ந்து நில்லுங்க, கையை மார்போட கட்டிக்கோங்க, முகத்தை அது பக்கமே வச்சுக்கிட்டு மெதுவா பின்னாடி நகருங்க, ரெண்டு பேர் இருந்தா முதுகோட முதுகு ஒட்டி நில்லுங்க. குழந்தையை நடுவுல விடுங்க. முதுகை காட்டி ஓடக்கூடாது, கையை வீசி கத்தவும் கூடாது, உதவிக்கு ஆளைக் கூப்பிடணும்னா பதறாம உறுதியான குரல்ல கூப்பிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு ஹால்லயே பசங்களோட இதை விளையாட்டு மாதிரி செஞ்சு பழகிடுங்க, "டிங்கோ!"ன்னு சொன்னதும் அப்படியே மரமா நிக்கணும்.

எங்க குளிக்கலாம், எங்க கூடாது

கடல்ல குளிக்காதீங்க. அலை இழுப்பு ஜாஸ்தி, டைகர் ஷார்க் சுத்துற கடல், லைஃப்கார்ட் யாரும் கிடையாது. மேற்குப் பக்கம் அமைதியா தெரியும், ஆனா அங்க இருகாஞ்சி ஜெல்லிஃபிஷ் உண்டு, நகத்தளவுதான் இருக்கும், கொட்டினா ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு போற அளவுக்கு ஆகிடும்.

அதுக்கு பதிலா ஏரியும் ஓடையும் இருக்கே. லேக் மெக்கன்ஸி, பூட்சுல்லா பேரு பூராங்கூரா, வெள்ளை வெளேர்னு சிலிக்கா மணல், தண்ணி ஓரத்துல கண்ணாடி, உள்ள போகப் போக நீலம். முழுக்க மழைத்தண்ணி, எந்த ஆறும் உள்ள வர்றதில்ல, அடியில இலைச்சருகு மக்கி மணலோட இறுகி ஒரு தட்டு மாதிரி தண்ணியை தாங்கி நிக்குது. ஆறு வந்து கழுவிட்டு போகாத ஏரிங்கறதால நம்ம உடம்புல இருந்து கரையுறது எல்லாம் அதுலயே தங்கிடும், அதனால சன்ஸ்கிரீன் பூசிட்டு இறங்காம முழுக்கை ராஷ் வெஸ்ட் போட்டு விடுங்க, சோப்பு ஷாம்பு பேச்சே கூடாது, பசங்களை இறங்குறதுக்கு முன்னாடியே டாய்லெட் கூட்டிட்டு போயிடுங்க. ஏரிக் கரைக்கு தண்ணி பாட்டிலைத் தவிர எதுவும் கொண்டு போகக் கூடாது, பக்கத்துலயே வேலி போட்ட பிக்னிக் ஏரியா இருக்கு, அங்க சாப்பிடுங்க. காலைல ஒன்பது மணிக்குள்ள போயிட்டா டூர் பஸ் வர்றதுக்குள்ள ஏரி உங்களுக்குத்தான்.

ஈலை க்ரீக்தான் பசங்களுக்கு சொர்க்கம். மணிக்கு நாப்பது லட்சம் லிட்டர் நல்ல தண்ணி கடலுக்கு போற ஓடை, மரப்பாலத்துல மேல வரைக்கும் நடந்து போய் ஒரு ட்யூப்ல உக்காந்தா மெதுவா கீழ கொண்டு வந்து விடும், ஆழமும் கம்மி. ஷாம்பெய்ன் பூல்ஸ் பாறைக்கு நடுவுல கடல் அலை நுரைச்சு வந்து விழுற குளம், லோ டைட்ல மட்டும் போங்க, பாறை வழுக்கும். லேக் வாபி பக்கத்துல ஒரு பெரிய மணல் சரிவு இருக்கு, அதுல ஓடி வந்து தண்ணிக்குள்ள தலைகீழா பாய்ஞ்சு கழுத்து எலும்பை முறிச்சுக்கிட்டவங்க உண்டு, பசங்களை நடந்தே இறங்க விடுங்க.

நாளை எப்படி பிரிக்கிறது

மூணு ராத்திரியாவது தங்குங்க, அதுக்கு கம்மின்னா பேக் பண்ணி பிரிக்கவே நேரம் சரியா இருக்கும். போற நாள்ல கேம்ப் போடுறதை தவிர வேற எதுவும் வச்சுக்காதீங்க, சாயங்காலம் வாங்கூல்பா க்ரீக் ஓரமா நடங்க, சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து நடந்துபோற தூரம்தான். அந்த ஓடையில தண்ணி ஓடுதான்னே தெரியாது, அவ்ளோ தெளிவு, சத்தமும் வராது, ஏன்னா அடியில கல்லே இல்ல, மணல்தான். பெரிய பெரிய கிங் ஃபெர்ன் இலை தண்ணி மேல சாஞ்சு கிடக்கும். இந்த காட்டுல இருந்த சாட்டினேங்கற மரத்தை வெட்டி சூயஸ் கால்வாய் வேலைக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க, 1991லதான் வெட்டுறதை நிறுத்துனாங்க.

அடுத்த நாள் ஏரி. மூணாவது நாள் டைட் சரியா வந்தா பீச்ல வடக்கே, ஈலை க்ரீக், அதை தாண்டி மஹேனோ கப்பல். 1905ல கட்டின பயணிகள் கப்பல், முதல் உலகப் போர்ல ஆஸ்பத்திரி கப்பலா ஓடிச்சு, 1935ல உடைக்கிறதுக்காக ஜப்பானுக்கு இழுத்துட்டு போறப்போ புயல்ல கயிறு அறுந்து இங்க கரை ஒதுங்கிடுச்சு. துருப்பிடிச்சு நிக்குது, மேல ஏறக்கூடாது, தள்ளி நின்னு பாருங்க. வடகோடி வரைக்கும் ஒரே நாள்ல போயிட்டு வரணும்னு அடம்பிடிக்காதீங்க, டைட்டும் பசங்களோட பொறுமையும் ஒண்ணா தீர்ந்துடும்.

மிச்ச விஷயங்கள்

நெருப்பு மூட்டுறது டண்டுபாரா, வாடி பாயிண்ட்ல இருக்குற பொது நெருப்பு வளையத்துல மட்டும்தான், அதுக்கும் விறகு வீட்ல இருந்து கொண்டு போகணும், காட்டுல பொறுக்கக் கூடாது. 2020 அக்டோபர்ல சட்டவிரோதமா மூட்டுன ஒரு கேம்ப் ஃபயர் தீவுல பாதிய எரிச்சுது. கேஸ் ஸ்டவ் போதும், தடை அறிவிப்பு இருக்கான்னு கிளம்புற அன்னைக்கு பார்த்துக்கோங்க. குடிதண்ணி ஆளுக்கு நாளைக்கு அஞ்சு லிட்டர் கணக்குல எடுத்துக்கோங்க. ஃபர்ஸ்ட் எயிட் பாக்ஸ்ல பாம்புக்கடிக்கு கட்டுற அழுத்தமான பேண்டேஜ் இருக்கணும், வினிகர் ஒரு பாட்டில், வழக்கமா சாப்பிடுற மருந்து ரெண்டு நாளைக்கு கூடுதலா. போன் சிக்னல் இடத்துக்கு இடம் வரும் போகும், ஆஃப்லைன் மேப் இறக்கிக்கோங்க, அவசரத்துக்கு 000.

பூட்சுல்லா மக்களோட மூணு சட்டத்துல ஒண்ணு, நிலத்துக்கு நல்லதுதான் முதல்ல. இன்னொண்ணு, உன்னோடது இல்லாததை எடுக்காதே, தொடாதே. சங்கு, கலர் மணல் எதையும் பசங்க பாக்கெட்ல போட்டுட்டு வராம பார்த்துக்கோங்க. டென்ட்டை பிரிச்சதும் எல்லாரும் வரிசையா நின்னு அந்த இடத்தை ஒரு தடவை சல்லடை போட்டு பாருங்க, ஒரு சாக்லேட் பேப்பர் கூட கிடக்கக் கூடாது, அடுத்து அங்க ஒரு குடும்பம் குழந்தையோட வந்து படுக்கும். குப்பையை தீவுல வேலி போட்டு வச்சிருக்குற குப்பை மையத்துல போட்டுடலாம். திரும்பி தார் ரோடு ஏறினதும் டயருக்கு காத்து அடிச்சு, ரெயின்போ பீச்லயோ ஹெர்வி பேலயோ வண்டி அடிப்பாகத்தை நல்ல தண்ணில பீய்ச்சி கழுவிட்டு கிளம்புங்க, உப்போட மூணு மணி நேரம் ஓட்டாதீங்க.